கேளுங்கள், சொல்கிறோம்: மருத்துவ உளவியல் துறையும் அங்கே நடக்கும் ஆய்வுகளும்

அடுத்த கல்வியாண்டுக்கான விண்ணப்பக் காலம் நெருங்குவதாலோ என்னவோ, இம்முறை வந்த கடிதங்களில் பல உளவியல் படிப்பைப் பற்றியும், பல்கலைக்கழகத்தார் தென்னாப்பிரிக்க இந்தியர்களான நம்மிடம் வந்து நடத்தும் ஆய்வுகளைப் பற்றியும் கேட்கின்றன. ஒரே பொருளில் அமைந்தவற்றைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: டர்பனில் ஆனர்ஸ் படிக்கிறேன். மருத்துவ உளவியல் மாஸ்டர்ஸ் விண்ணப்பத்தில், எந்த ஆசிரியரின் ஆய்வோடு என் விருப்பம் பொருந்துகிறது என்று ஒரு பத்தி எழுத வேண்டும். துறையின் பக்கத்தில் ஒவ்வொரு ஆசிரியர் பெயருக்குக் கீழும் “மன அதிர்ச்சி, பண்பாடு, சமுதாய மனநலம்” என்று மூன்று நான்கு சொற்கள்தான் இருக்கின்றன. இதை வைத்து எப்படித் தேர்ந்தெடுப்பது?
— மாணவி, ரிசர்வாயர் ஹில்ஸ்

பதில்: அந்த மூன்று நான்கு சொற்களை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். பல ஆசிரியர்கள் வேலையில் சேர்ந்தபோது எழுதிக் கொடுத்தது அப்படியே நிற்கும். ஆய்வு அதற்குள் வேறு பக்கம் போயிருக்கும். அவர் இப்போது என்ன செய்கிறார் என்பதை அவருடைய கட்டுரைகளிலும் அவர் மாணவர்களின் ஆய்வேடுகளிலும்தான் பார்க்க வேண்டும்.

முதலில் கூகுள் ஸ்காலரில் அவர் பெயரைத் தேடி, கட்டுரைகளை ஆண்டு வாரியாக அடுக்குங்கள். கடைசி ஐந்து ஆண்டுகள் போதும். ஆசிரியர் வரிசையில் அவர் பெயர் முதலில் இருந்தால் அது அவரே எழுதியது. கடைசியில் இருந்தால் பெரும்பாலும் அவர் மேற்பார்வையில் மாணவர் செய்தது. பத்துப் பேருக்கு நடுவில் இருந்தால், பெரிய திட்டம் ஒன்றில் அவருக்கும் ஒரு பங்கு இருந்திருக்கிறது. அதை அவருடைய முதன்மை ஆர்வம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பிறகு முதலும் கடைசியுமாக உள்ள கட்டுரைகளில் மூன்றைத் தேர்ந்தெடுத்து, முறையியல் பகுதியை மட்டும் படியுங்கள். யாரிடம் தகவல் வாங்கினார், எத்தனை பேர், எந்த இடம், பேட்டியா வினாத்தாளா? இந்த நான்கும் தெரிந்தால் ஆளைத் தெரிந்ததுபோல.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. ஆய்வு ஆர்வம் என்ற ஒரு வரிக்குள் மூன்று செய்திகள் இருக்கின்றன: பிரச்சினை, மக்கள், முறை. துறைப் பக்கம் முதலாவதைத்தான் சொல்லும். “மன அதிர்ச்சி” என்று எழுதியிருக்கும் இருவரில் ஒருவர், வன்முறையைச் சந்தித்த பத்துப் பெண்களோடு ஆளுக்கு ஒரு மணி நேரம் பேசி ஒவ்வொரு சொல்லையும் ஆராய்கிறவராக இருப்பார். இன்னொருவர் அறுநூறு மாணவர்களிடம் வினாத்தாள் கொடுத்துப் புள்ளியியல் செய்கிறவராக இருப்பார். தலைப்பு ஒன்றாக இருந்தாலும் உங்களுடைய இரண்டு ஆண்டுகள் முற்றிலும் வேறாகப் போகும். புள்ளியியல் ஒத்துவராதவர் இரண்டாமவரிடம் சேர்ந்துவிட்டு, கணக்குப் பகுதியில் மாதக்கணக்கில் நின்றுவிடுவது அடிக்கடி நடக்கிறது. அதேபோல், பேட்டியைச் சுலபம் என்று எண்ணி எடுப்பவர்களும் திணறுகிறார்கள். ஒரு மணி நேரப் பேட்டியைக் கேட்டு எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். பத்துப் பேட்டி என்றால் அதுவே ஒன்றரை வாரத்து முழுநேர வேலை. பகுப்பாய்வு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

அடுத்தது ஆய்வேடுகள். க்வாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் ரிசர்ச்ஸ்பேஸ் என்ற இணையக் காப்பகத்தில் மாணவர் ஆய்வேடுகளை யாரும் இலவசமாகப் படிக்கலாம். மற்ற பல்கலைக்கழகங்களுக்கும் இப்படிக் காப்பகம் உண்டு. மேற்பார்வையாளர் பெயரைக் கொண்டு தேடுங்கள். அவரிடம் படித்தவர்கள் என்னென்ன தலைப்பு எடுத்தார்கள், பதிவு செய்து எத்தனை ஆண்டில் முடித்தார்கள் என்று ஓரளவு தெரியும். முன்பக்கத்து நன்றியுரையையும் படியுங்கள். மேற்பார்வையாளர் கைப்பிரதியைத் திருத்திக் கொடுத்த விதத்தைப் பற்றி மாணவர்கள் எழுதியிருந்தால், அது துறைப் பக்கத்தில் எங்கும் கிடைக்காத செய்தி.

சில சொற்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். “பணிப்பகிர்வு” அல்லது “ஆரம்பச் சுகாதாரத்தில் மனநலம்” என்று இருந்தால், உளவியலாளர் இல்லாத இடத்தில் செவிலியரோ பயிற்சி பெற்ற சமுதாய ஊழியரோ ஆலோசனை தர முடியுமா என்ற ஆய்வு அது. தென்னாப்பிரிக்காவில் இதற்குப் பெரிய தேவை இருக்கிறது. 2002 முதல் 2004 வரை 4,351 பேரிடம் நடந்த தேசியக் கணக்கெடுப்பில், வாழ்நாளில் ஏதாவது ஒரு மனநலக் கோளாறு இருந்தவர்கள் 30.3 விழுக்காடு. முந்தைய ஓராண்டில் கோளாறு இருந்தவர்களிலோ ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குத்தான் சிகிச்சை கிடைத்திருந்தது. 2011இல் தொடங்கிய பிரைம் திட்டம் தென்னாப்பிரிக்கா, இந்தியா, நேபாளம், எத்தியோப்பியா, உகாண்டா ஆகிய ஐந்து நாடுகளில் இந்த இடைவெளியைத்தான் எடுத்துக்கொண்டது. க்வாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் இங்கெ (Inge) பீட்டர்சனும் ஆர்வின் பானாவும் அதன் தென்னாப்பிரிக்கப் பகுதியில் முக்கியப் பங்கு வகித்தவர்கள். அண்டை நாடான ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டாவின் “நட்பு இருக்கை” திட்டத்தில், பயிற்சி பெற்ற மூத்த பெண்கள் கிளினிக்குக்கு வெளியே ஓர் இருக்கையில் உட்கார்ந்து ஆறு அமர்வு ஆலோசனை தருகிறார்கள். 573 பேரை வைத்து நடந்த அதன் சோதனையின் முடிவு 2016இல் வெளியானது. இந்தத் துறையில் விருப்பம் என்றால் கிளினிக் கிளினிக்காக அலையத் தயாராக இருங்கள்.

“நரம்பு உளவியல்” என்றால் மூளையின் செயல்பாட்டை அளக்கும் சோதனைக் கருவிகளும் மதிப்பெண்களும். “நலவாழ்வு உளவியல்” என்றால் எச்.ஐ.வி., நீரிழிவு, புற்றுநோய் போன்ற உடல் நோயோடு வாழ்வோரின் மனநிலை. “உளப்பகுப்பாய்வு” என்றால் ஒருவரையோ இருவரையோ ஆழமாக எடுத்துக்கொள்ளும் தனிநபர் ஆய்வு.

இனி அந்தப் பத்தி. “எனக்குச் சிறுவயது முதல் மனித மனத்தில் ஆர்வம்” என்று தொடங்கும் விண்ணப்பங்கள் குவிந்து கிடக்கின்றன. நீங்கள் படித்த ஒரு கட்டுரையின் பெயரைச் சொல்லி, அதில் விடை கிடைக்காமல் நிற்கும் ஒரு கேள்வியைச் சொல்லி, அதை எங்கே, யாரிடம், எந்த முறையில் கேட்கலாம் என்று எழுதுங்கள். உதாரணத்துக்கு: பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைப் பற்றிய ஆய்வுகள் தாயிடம் மட்டும் பேசுகின்றன, மாமியாரும் அம்மாவும் ஒரே வீட்டில் இருக்கும் குடும்பங்களில் உதவி கேட்கும் முடிவை யார் எடுக்கிறார்கள் என்று டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதித் தாய்மார்கள் எட்டு முதல் பன்னிரண்டு பேரிடம் பேட்டி எடுத்துப் பார்க்கலாம். இவ்வளவு எழுதினால் போதும். படித்திருக்கிறார், யோசித்திருக்கிறார், அளவு தெரிந்திருக்கிறது என்று தேர்வுக் குழுவுக்குத் தெரிந்துவிடும். மாஸ்டர்ஸுக்காக எழுதும் சுருக்க ஆய்வேட்டில் “தென்னாப்பிரிக்க இந்தியர்களின் மனநலம்” என்று மொத்தத்தையும் எடுக்கப் பார்ப்பதுதான் வழக்கமான பிழை.

ஆசிரியருக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பலாமா என்பது துறைக்குத் துறை மாறும். சில துறைகள் தேர்வுக்கு முன் ஆசிரியரைத் தொடர்புகொள்ள வேண்டாம் என்றே எழுதியிருக்கும், அதை மீறாதீர்கள். அனுமதி இருந்தால் பத்துப் பன்னிரண்டு வரிக்குள் முடியுங்கள். அடுத்த ஆண்டு புதிய மாணவரை எடுக்கிறாரா, விடுப்பிலோ ஓய்விலோ போகிறாரா என்று மரியாதையாகக் கேளுங்கள். இதைக் கேட்காமல் சேர்ந்து, நடுவில் மேற்பார்வையாளர் மாறித் தலைப்பையே மாற்ற நேர்ந்தவர்கள் உண்டு.

கேள்வி: என் மகள் மருத்துவ உளவியலாளர் ஆக வேண்டும் என்கிறாள். மொத்தம் எத்தனை ஆண்டுகள்? நோயாளிகளைப் பார்க்கத்தானே போகிறாள், ஆய்வு கட்டாயமா?
— ஒரு தாயார், சாட்ஸ்வொர்த்

பதில்: ஒரு தடவையும் தடங்கல் இல்லாமல் போனால் ஏழு ஆண்டுகள். உளவியலை முதன்மைப் பாடமாகக் கொண்ட பட்டம் மூன்று, ஆனர்ஸ் ஒன்று, மாஸ்டர்ஸ் பாடமும் மேற்பார்வையோடு நோயாளிகளைப் பார்ப்பதும் ஒன்று, அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் 12 மாத இன்டர்ன்ஷிப், அதன்பின் 12 மாத சமுதாயச் சேவை. சுகாதாரத் தொழில் கவுன்சிலின் உளவியல் வாரியம் நடத்தும் தேர்விலும் தேற வேண்டும். சமுதாயச் சேவைக்கு எங்கே போடுவார்கள் என்பது உங்கள் கையில் இல்லை. வீட்டிலிருந்து பல மணி நேரப் பயணத் தொலைவில் உள்ள மாவட்ட மருத்துவமனையாகவும் இருக்கலாம்.

ஆய்வு கட்டாயம்தான், அம்மா. மாஸ்டர்ஸில் ஒரு சுருக்க ஆய்வேடு உண்டு. அது முடியாமல் பட்டம் கிடைக்காது. பட்டம் இல்லாமல் சமுதாயச் சேவைக்குப் பதிவு செய்ய முடியாது. இன்டர்ன்ஷிப் நன்றாக முடித்துவிட்டு, ஆய்வேடு பாதியில் நிற்பதால் வருமானமின்றிக் காத்திருக்கும் பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். முதல் ஆண்டிலேயே, ஆய்வுக்கு அனுமதி தரும் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதலை வாங்கிவிட வேண்டும் என்பதை மகளிடம் இப்போதே சொல்லி வையுங்கள். இன்டர்ன்ஷிப் ஆண்டில் பகலெல்லாம் வார்டில் நின்றுவிட்டு வந்து இரவில் ஆய்வு முன்மொழிவு எழுதுவது மிகக் கடினம்.

இன்னொன்றும் மனத்தில் இருக்கட்டும். ஒரு துறை ஓராண்டில் எடுப்பது பத்துப் பேரைச் சுற்றித்தான். விண்ணப்பங்கள் நூற்றுக்கணக்கில் வரும். முதல் தடவை இடம் கிடைக்கவில்லை என்றால் அது பிள்ளையின் திறமைக்குக் கிடைத்த தீர்ப்பு ஆகாது. அந்த இடைக்காலத்தில் தொலைபேசி ஆலோசனைச் சேவையில் தொண்டு செய்வது, ஆய்வுத் திட்டம் ஒன்றில் உதவியாளராகத் தகவல் சேகரிப்பது இரண்டும் அடுத்த விண்ணப்பத்துக்கு உண்மையாகவே வலு சேர்க்கும். நான்காண்டு உளவியல் பட்டமும் 720 மணி நேரச் செய்முறையும் முடித்துப் பதிவுபெற்ற ஆலோசகராகும் வழியும் இருக்கிறது. அதில் ஆழமான மனநோய்ச் சிகிச்சை செய்ய முடியாது. பள்ளியிலும் சமுதாய அமைப்புகளிலும் செய்ய நிறைய வேலை இருக்கிறது.

கேள்வி: நீரிழிவு நோயாளிகளிடம் மனச்சோர்வை அளக்கலாம் என்றிருக்கிறேன். பிஎச்கியூ-9 வினாத்தாள் போதும் என்று நினைத்தேன். மேற்பார்வையாளர் “யோசித்துவிட்டு வா” என்று திருப்பி அனுப்பிவிட்டார். என்ன குறை?
— மாஸ்டர்ஸ் மாணவர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: அவர் செய்தது சரி. பிஎச்கியூ-9 கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி ஒன்பது கேள்விகள் கேட்கிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 மதிப்பெண், மொத்தம் 27. 10ஐத் தொட்டால் மனச்சோர்வு இருக்கக்கூடும் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். மூன்றாவது கேள்வி தூக்கம், நான்காவது களைப்பு, ஐந்தாவது பசி. சர்க்கரை கட்டுக்குள் இல்லாத ஒருவர் இரவில் நாலு தடவை சிறுநீர் கழிக்க எழுந்திருப்பார், பகலெல்லாம் சோர்ந்திருப்பார், பசியும் தாறுமாறாக இருக்கும். மூன்றுக்கும் “ஏறக்குறைய தினமும்” என்று குறித்தால் அங்கேயே 9. வேறெந்தக் கேள்விக்காவது 1 போட்டாலும் 10 ஆகிவிடும். துக்கமே இல்லாதவரை மனச்சோர்வுக்காரர் என்று எழுதிவிடுவீர்கள். பிறகு “சர்க்கரை கூடினால் மனச்சோர்வும் கூடுகிறது” என்று ஒரு முடிவு வரும். அளந்தது இரண்டு தடவையும் சர்க்கரையைத்தான்.

இதைச் சரிசெய்ய வழிகள் இருக்கின்றன. முதல் இரண்டு கேள்விகள், அதாவது ஈடுபாடின்மையும் மனவாட்டமும், உடல் நோயால் அவ்வளவாகக் குழம்பாதவை. அவற்றின் கூட்டுத்தொகை 3 அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று தனியாகக் கணக்கிட்டு, முழு மதிப்பெண்ணோடு ஒப்பிட்டுக் காட்டுங்கள். இரண்டாவதாக, நீரிழிவால் வரும் அலுப்பும் அச்சமும் மனச்சோர்வும் ஒன்றல்ல. அதற்கென்றே பெய்ட் என்ற 20 கேள்வி அளவுகோல் இருக்கிறது. 100க்கு 40 என்பது வழக்கமான எல்லை. அதையும் சேர்த்துக் கொடுங்கள். மூன்றாவது வழி, பங்கேற்பவர்களில் ஒரு பகுதியினரிடமாவது நேரடி மருத்துவப் பேட்டி நடத்துவது. சுருக்க ஆய்வேட்டுக்கு இது கட்டாயமில்லை, செய்தால் ஆய்வின் தரம் உயரும். ஹெச்பிஏ1சி என்ற இரத்தச் சோதனை ஏறத்தாழ கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டுவது. எனவே கோப்பில் ஓராண்டுக்கு முன் எழுதிய எண்ணை எடுத்து இந்த இரண்டு வார மனநிலையோடு பொருத்தாதீர்கள்.

எத்தனை பேர் வேண்டும்? 0.3 அளவிலான ஒட்டுறவை (இரண்டு அளவுகள் சேர்ந்து மாறும் தன்மையை) 80 விழுக்காடு ஆற்றலோடு, அதாவது உண்மையில் இருந்தால் கண்ணில் படும் வாய்ப்போடு, 5 விழுக்காடு பொருண்மை நிலையில் கண்டுபிடிக்க 85 பேர் வேண்டும். 0.2 என்று எதிர்பார்த்தால் 194 ஆகிவிடும். முழுமையாக நிரப்பாத தாள்களுக்காக மேலும் 15 முதல் 20 விழுக்காடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

தாள் கொடுக்கும் இடமும் மிக முக்கியம். கிளினிக் பெஞ்சில் வரிசையில் உட்கார்ந்திருப்பவரிடம் நீட்டினால், எண் தவறிவிடுமோ என்ற பதற்றத்தில் எல்லாவற்றுக்கும் பூஜ்யம் போட்டுக் கொடுத்துவிடுவார். பக்கத்தில் அக்கம்பக்கத்து வீட்டார் இருந்தால் நிச்சயம் அப்படித்தான். வரிசைப் பொறுப்பிலுள்ள செவிலியரிடம் பேசி, இடம் போகாது என்ற உறுதியை நோயாளிக்கு வாங்கிக் கொடுத்து, தனியறையில் நிரப்பச் செய்யுங்கள்.

ஒன்பதாவது கேள்வியைப் பற்றிக் கடைசியாகச் சொன்னாலும் அதுதான் தலையாயது. செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வந்ததா என்று அது கேட்கிறது. தாள்களைப் பெட்டியில் வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிறகு பிரிக்கலாம் என்று ஒருபோதும் திட்டமிடாதீர்கள். ஒருவர் 1 போட்டிருந்தாலும், அவர் அந்த இடத்தைவிட்டுக் கிளம்புமுன் நீங்கள் அதைப் பார்த்திருக்க வேண்டும். அன்றே அவரிடம் பேசப்போவது யார், அவர் இல்லாவிட்டால் மாற்று யார், மேற்பார்வையாளரை எந்த எண்ணில் அழைப்பீர்கள், எந்த மருத்துவமனைக்கு அனுப்புவீர்கள் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி நெறிமுறை விண்ணப்பத்தோடு இணையுங்கள். உங்கள் மேற்பார்வையாளர் எதிர்பார்ப்பதில் முதன்மையானது இந்தப் பக்கமாகவே இருக்கும்.

நடைமுறை ஒன்றும் சொல்லிவிடுகிறோம். அரசு கிளினிக்கில் ஆய்வு என்றால் பல்கலைக்கழகக் குழுவின் ஒப்புதலோடு மாகாணச் சுகாதாரத் துறையின் அனுமதியும் வேண்டும். அதற்குத் தேசியச் சுகாதார ஆய்வுத் தரவுத்தளத்தில் பதிய வேண்டும். குழு துறையின் கடிதத்தைக் கேட்கும், துறை குழுவின் கடிதத்தைக் கேட்கும். முதலில் நெறிமுறைக் குழுவின் தற்காலிக ஒப்புதலை வாங்கி, அதைக் காட்டி மற்றதை வாங்குவதுதான் வழி. சில மாதங்கள் ஆகும்.

கேள்வி: தற்கொலை ஆய்வு என்றாலே டர்பன் இந்தியர்களைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். நம் சமூகத்தில்தான் இது அதிகமா? படிக்கவே சங்கடமாக இருக்கிறது.
— ஓய்வுபெற்ற ஆசிரியர், மெர்பேங்க்

பதில்: ஐயா, உங்கள் சங்கடம் நியாயமானது. அந்த ஆய்வுகள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால் அவற்றைச் சரியான எடையில் வைத்துப் படிக்கலாம். சமூகவியலாளர் ஃபாத்திமா மீர் டர்பனின் மரண விசாரணைப் பதிவுகளை ஆராய்ந்து 1976இல் நூலாக வெளியிட்டார். பின்னர் நட்டால் மருத்துவக் கல்லூரியில் லூரன்ஸ் ஷ்லெபுஷும் அவர் குழுவும் மருத்துவமனைக்கு வந்தவர்களைப் பற்றிப் பல ஆண்டுகள் எழுதினார்கள். 1998இல் டக்ளஸ் வாசனாரும் அந்தோணி பிள்ளையும் வேறொருவரும் சேர்ந்து, பண்பாட்டு மாற்றத்தின் நடுவில் நிற்கும் இந்தியப் பெண்களின் தற்கொலை முயற்சிகளைப் பற்றி எழுதினார்கள். கணவன் மனைவிப் பிணக்கு, குடும்பத்துக்குள் பெண்ணின் இடம், பெரியவர்கள் எதிர்பார்ப்பதற்கும் இளையவர்கள் விரும்புவதற்கும் உள்ள இழுபறி ஆகியவை இவ்வகை ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருகின்றன.

ஆனால் மருத்துவமனைப் பதிவு வேறு, மக்கள்தொகையில் உள்ள விகிதம் வேறு. 1950ஆம் ஆண்டு குழுப் பகுதிகள் சட்டம் மக்களை இனவாரியாகப் பிரித்துக் குடியேற்றியது; மருத்துவமனைகளும் அப்படியே பிரிந்தன. இந்தியர்களுக்கென்று இருந்த மருத்துவமனையில் எடுத்த கணக்கில் இந்தியர்கள்தான் இருப்பார்கள். அந்த மருத்துவமனைகள் ஆய்வாளர்களுக்கு எட்டும் தூரத்திலும் இருந்தன. மருத்துவமனைக்கு எட்டாத கிராமத்தில் நடப்பது எந்தக் கட்டுரையிலும் வராது. எனவே “அதிகமாக ஆராயப்பட்டது” என்பதிலிருந்து “அதிகமாக நடக்கிறது” என்ற முடிவுக்குத் தாவ முடியாது. ஒரு கட்டுரையைக் கையில் எடுத்தால் கீழ்த்தொகையைத் தேடுங்கள்: எத்தனை பேரில் இத்தனை பேர்? அது இல்லையென்றால் அந்தக் கட்டுரை விகிதத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

இதற்காக அந்த ஆய்வுகளை ஒதுக்கிவிடவும் கூடாது. வீட்டுக்குள் நடக்கும் சண்டைக்கும் உயிராபத்துக்கும் உள்ள நெருக்கத்தை அவை தெளிவாகக் காட்டின. அவமானம் என்று நாம் மூடி மறைத்ததை மருத்துவமனைப் பதிவேடு மறைக்கவில்லை. உங்கள் வீட்டிலோ தெரிந்தவர் வீட்டிலோ ஒருவர் சாவைப் பற்றிப் பேசினால், நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. தனியே விடாதீர்கள். மனநல உதவி அமைப்பான சாடாக்கின் தற்கொலைத் தடுப்பு இலவச எண் 0800 567 567.

கேள்வி: எங்கள் மாரியம்மன் கோயிலில் தைப்பூசக் காவடியின்போது அருள் வந்து ஆடுபவர்களைப் பற்றி ஆய்வு செய்ய வேண்டும் என்று பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மாணவர் கேட்டிருக்கிறார். கமிட்டியில் சிலருக்கு விருப்பம், சிலர் “சாமியாடுவதைப் பைத்தியம் என்று எழுதிவிடுவார்கள்” என்கிறார்கள். என்ன செய்யலாம்?
— கோயில் கமிட்டி உறுப்பினர், டோங்காட்

பதில்: பைத்தியம் என்று எழுத இன்றைய மருத்துவ உளவியலே இடம் தராது. 2013இல் வந்த டிஎஸ்எம்-5 நோய்க் கையேடும் சரி, உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 பட்டியலும் சரி, சமூகம் ஏற்றுக்கொண்ட சமய வழக்கத்தின் பகுதியாக வரும் அருள்நிலையை நோய் என்று கணக்கில் கொள்வதில்லை. சடங்குக்கு வெளியே, வேண்டாத நேரத்தில் வந்து, அடங்காமல் நீடித்து, அந்த மனிதரின் வேலையையும் தூக்கத்தையும் உறவையும் கெடுக்கும்போதுதான் மருத்துவர் கவலைப்பட வேண்டும். வருகிற மாணவருக்கு இந்த வேறுபாடு தெரிகிறதா என்று பேச்சுவாக்கில் கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லும் பதிலிலேயே ஆளின் ஆழம் தெரிந்துவிடும்.

அனுமதி தருமுன் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கடிதத்தை வாங்கிப் பாருங்கள். அதில் பதிவு எண், காலாவதித் தேதி, மேற்பார்வையாளர் பெயர் மூன்றும் இருக்கும். குழுவின் அலுவலகத்தை நீங்களே அழைத்துச் சரிபார்க்கலாம்; அவர்கள் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், அதற்காகத்தான் எண்ணே கொடுத்திருக்கிறார்கள். கடிதத்தில் “கவனித்தல்” என்று மட்டும் இருந்தால் பேட்டி எடுக்கவோ படம் பிடிக்கவோ அவருக்கு உரிமை இல்லை.

சம்மதம் எப்போது வாங்குகிறார் என்பதில் கறாராக இருங்கள். அருள் இறங்கிய நிலையிலோ, அலகு குத்திய பின்போ, காவடி இறக்கிய களைப்பிலோ வாங்கும் கையெழுத்து சம்மதம் ஆகாது. விரதம் தொடங்குமுன் ஒரு நாள் வரவழைத்து, தாளைக் கொடுத்து, வீட்டாரோடு பேசிவிட்டு வரட்டும் என்று அவகாசம் தர வேண்டும். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் காவடி எடுத்தால் பெற்றோர் சம்மதமும் பிள்ளையின் ஒப்புதலும் வேண்டும். சமய நம்பிக்கை, உடல்நலம், இனம் ஆகியவற்றைப் பற்றிய செய்திகள் 2013ஆம் ஆண்டு தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி தனிக் காப்புக்குரியவை. ஒலிப்பதிவு எங்கே இருக்கும், யார் கேட்பார், எப்போது அழிப்பார் என்பதையும் கேட்டு எழுதி வாங்குங்கள்.

பணம் தருவார்களா என்றால், செலவிட்ட நேரம், பட்ட சிரமம், போக்குவரத்துச் செலவு இந்த மூன்றுக்கும் ஈடு தருவதுதான் இந்நாட்டு வழிகாட்டு நெறி. கோயிலுக்கு நன்கொடை தந்து அனுமதி வாங்குவது முறையல்ல.

பலரும் தவறவிடுவது ஒன்று உண்டு. “டோங்காட்டில் கரும்புத் தோட்டக் காலத்துக் கோயில் ஒன்றில், முப்பது ஆண்டுகளாகக் காவடி எடுக்கும் ஒரு முன்னாள் பள்ளித் தலைமையாசிரியர்” என்று எழுதிவிட்டுப் பெயரை மட்டும் மாற்றினால் ஊரே ஆளைக் கண்டுபிடித்துவிடும். அச்சுக்கு முன் விவரிப்புப் பகுதிகளைக் கமிட்டி படித்துப் பார்க்க வேண்டும் என்று நிபந்தனை வையுங்கள். ஆய்வின் முடிவை மாற்றச் சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை. அடையாளம் தெரிகிறது என்று சொல்ல முழு உரிமை உண்டு. முடிவுகளை இரண்டு பக்கத்தில் எளிய நடையில் எழுதி, கோயிலிலேயே ஒரு நாள் வந்து பேசும்படியும் கேளுங்கள்.

கேள்விகளைக் கோயிலும் தரலாம். விரதத்தின்போது மருந்து எடுப்பதா நிறுத்துவதா என்பது நம்மவர் பலருக்குள்ள குழப்பம். லித்தியம் சாப்பிடுபவர் தண்ணீர் குறைத்து வெயிலில் நடந்தால் மருந்து உடலில் தேங்கி நஞ்சாக மாறக்கூடும். இன்சுலின் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் சர்க்கரை ஆபத்தாக இறங்கும். இவர்கள் மருந்தைத் தாமாக நிறுத்தவும் கூடாது; கொடி ஏறுவதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்து அளவைப் பேசிக்கொள்ள வேண்டும். விரதம் இருப்பவர்களில் எத்தனை பேர் மருத்துவரிடம் சொல்கிறார்கள், ஏன் சொல்வதில்லை என்ற கேள்வியை அந்த மாணவரிடம் கொடுத்துப் பாருங்கள். கோயிலுக்கும் பயன், அவருக்கும் நல்ல ஆய்வேடு.

கேள்வி: பேராசிரியர் ஒருவரின் பெயருக்குப் பக்கத்தில் என்.ஆர்.எஃப். தரம் “சி” என்று இருக்கிறது. மோசமா?
— மாணவர், லெனேசியா

பதில்: இல்லை. அது பள்ளி மதிப்பெண் அல்ல. தேசிய ஆய்வு அறக்கட்டளையின் (என்.ஆர்.எஃப்.) வரிசையில் “ஏ” உலக முன்னணியினர், “பி” (B) பன்னாட்டு அளவில் நன்கு அறியப்பட்டவர்கள், “சி” நிலைபெற்ற ஆய்வாளர்கள்; “பி” (P) என்ற எழுத்தும் “ஒய்”யும் வளர்ந்து வரும் இளையவர்களுக்கு. சி தரத்தில் நல்ல மேற்பார்வையாளர்கள் நிறைய இருக்கிறார்கள். தரமே வாங்காத மருத்துவப் பயிற்சியாளர்களிலும் அப்படியே.

கேள்வி: என் தம்பிக்கு மனப்பதற்றம். பல்கலைக்கழகத்தில் பதற்றத்தைப் பற்றி ஆராயும் பேராசிரியரிடம் நேரே காட்டலாமா?
— வாசகி, இசிப்பிங்கோ

பதில்: அவருடைய ஆய்வு ஆர்வம் அவர் தரும் சிகிச்சைச் சேவை ஆகாது. எழுதிக் கேட்டால் வேறிடம் காட்டுவார், அவ்வளவே. பல உளவியல் துறைகள் பயிற்சி கிளினிக் நடத்துகின்றன. மாஸ்டர்ஸ் மாணவர்கள் மேற்பார்வையோடு குறைந்த கட்டணத்திலோ இலவசமாகவோ பார்ப்பார்கள். துறை அலுவலகத்தைக் கேளுங்கள், காத்திருப்புப் பட்டியல் எவ்வளவு நீளம் என்றும், பல்கலைக்கழக விடுமுறையில் யார் பார்ப்பார் என்றும் சேர்த்துக் கேளுங்கள். அரசு வழியில் என்றால் உள்ளூர் கிளினிக்கில் தொடங்கி, பரிந்துரைக் கடிதத்தோடு மாவட்ட மருத்துவமனைக்குப் போக வேண்டும். தம்பிக்கு நெஞ்சுப் படபடப்பு முக்கியக் குறி என்றால், முதல் தடவை போகும்போதே தைராய்டு இரத்தப் பரிசோதனையும் இதயத் துடிப்புப் பதிவும் எடுக்கச் சொல்லுங்கள். தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் பதற்றம் போலவே தோன்றும்.